பிளான் 9 நிறுவப் போகிறவருக்கு: 9ஃபிரன்ட்டா, 9லெகசியா?

யூனிக்ஸைப் பெற்றெடுத்த பெல் ஆய்வகக் குழுவினரே, அதன் குறைகளை வேறெவரையும்விட நன்றாக அறிந்தவர்கள் என்ற முறையில், 1980களின் பிற்பகுதியில் எழுதத் தொடங்கிய இயங்குதளம் பிளான் 9. முதற்பதிப்பு 1992இல் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்டது. நான்காம் பதிப்பு 2002இல் வந்தது. ஆய்வகத்திலிருந்து வந்துகொண்டிருந்த திருத்தங்கள் 2015 ஜனவரியோடு நின்றுபோயின. 2021 மார்ச்சில், பெல் ஆய்வகத்தின் இன்றைய உரிமையாளரான நோக்கியா நிறுவனம் இதன் உரிமையைப் பிளான் 9 அறக்கட்டளைக்கு மாற்றித் தந்ததால், பழைய பதிப்புகள் அனைத்தும் இன்று எம்ஐடி உரிமத்தில் கிடைக்கின்றன. எனினும் இதை நடைமுறையில் உயிரோடு வைத்திருப்பவர்கள் தன்னார்வலர்கள்தாம். அவர்களும் ஒரே கூரையின்கீழ் இல்லை என்பதால், மூல நிரலிலிருந்து பிரிந்து வளரும் 9ஃபிரன்ட், 9லெகசி முதலான கிளைகளில் எதை எடுப்பது என்று புதிதாக வருபவர் முதலிலேயே முடிவுசெய்தாக வேண்டும்.

கிளைகளை ஒப்பிடுமுன், எல்லாவற்றையும் கோப்பாகவே கையாள்வது என்ற, எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான அடிப்படையை ஓர் எடுத்துக்காட்டால் பார்த்துவிடலாம். பிளான் 9இல் இணையத் தொடர்பு ஏற்படுத்தத் மற்ற இயங்குதளங்களில் உள்ளதுபோல் தனியான சாக்கெட் அழைப்புகள் கிடையாது. நெட் அடைவுக்குள் டிசிபி, அதற்குள் குளோன் என்றொரு கோப்பு இருக்கும். அதைத் திறந்து படித்தால் ஓர் எண் வரும். 4 என்று வந்ததாகக் கொள்வோம். திறந்த அதே கோப்பில் கனெக்ட் என்ற சொல்லையும் சேர வேண்டிய முகவரியையும் எழுதிவிட்டு, 4 என்ற அடைவிலுள்ள டேட்டா கோப்பைத் திறந்தால், அதில் எழுதுவது மறுமுனைக்குப் போகும், மறுமுனையிலிருந்து வருவதை அதிலேயே படிக்கலாம். வேறொரு கணினியின் நெட் அடைவை, தொலைவிலுள்ள கோப்புகளை அணுகப் பிளான் 9 பயன்படுத்தும் 9பி நெறிமுறை வழியாக நம் கணினியில் பொருத்திக்கொண்டால், நம் நிரல்கள் அந்தக் கணினியின் வழியாகவே வெளியுலகோடு பேசும்; விபிஎன் என்று தனியாக ஒன்று வேண்டியதில்லை. இந்த 9பி 2005இலேயே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இடம்பிடித்துவிட்டது.

9லெகசியின் நோக்கம் எளியது. பெல் ஆய்வகம் விட்டுச்சென்ற நான்காம் பதிப்பை அப்படியே அடித்தளமாக வைத்து, அதன்மேல் தேவையான திருத்தங்களைத் தனித்தனிப் பேட்ச்களாகச் சேர்ப்பதே அதன் வழிமுறை. எந்த வரி ஆய்வகத்தில் எழுதப்பட்டது, எது பின்னர் வந்தது என்பதை இதில் பிரித்தறிய முடியும். மூல நிரலைப் பாடமாகப் படிக்க விரும்பும் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான கிளை இல்லை என்பது என் கருத்து. ஆனால் அன்றாட வேலைக்கு எடுத்தால், இந்தக் கட்டுப்பாடே கையைக் கட்டிவிடும்.

9ஃபிரன்ட் 2011இல் பிரிந்தது. பிரிந்தவர்கள் பொறுமையிழந்தவர்கள் என்றே சொல்லலாம், அதில் தவறொன்றும் இல்லை. இன்டெல் வைஃபைக்கு டிரைவர், 64 பிட் கெர்னல், ராஸ்பெரி பை 4 போன்ற ஆர்ம் பலகைகளுக்கான ஆதரவு, லினக்ஸையோ ஓபன்பிஎஸ்டியையோ உள்ளுக்குள் ஓட்டிக்கொள்ள உதவும் விஎம்எக்ஸ் ஆகியவை எல்லாம் இக்கிளையில் சேர்ந்தவை. என் பார்வையில் இவற்றைவிட முக்கியமானது பாதுகாப்பில் நிகழ்ந்த மாற்றம். ஆய்வகம் விட்டுச்சென்ற பி9எஸ்கே1 என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை டிஇஎஸ் என்ற பழைய மறையாக்க முறையின் 56 பிட் திறவுகோலை நம்பியது; சர்வரிடம் அந்தத் திறவுகோலால் பூட்டிய ஒரு சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்ட எவரும், வீட்டில் உட்கார்ந்து கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்க அது இடம் கொடுத்தது. 9ஃபிரன்ட் கொண்டுவந்த டிபி9ஐகே அந்த வாசலை அடைத்தது. இணையத்தை நோக்கித் திறந்திருக்கும் கணினி ஒன்றை நிறுவப் போகிறவருக்கு இந்த ஒன்றே போதுமான காரணம்.

கோப்பு முறைமையில் இரண்டும் நேரெதிர்த் திசைகளில் நிற்கின்றன. 9லெகசி ஃபாசில் என்ற கோப்பு முறைமையையும், அதன் பிரதிகளைக் காக்கும் வென்டி என்ற சேமிப்பகத்தையும் வைத்திருக்கிறது. 9ஃபிரன்ட் ஃபாசிலைத் தூக்கியெறிந்துவிட்டு சிடபிள்யூஎஃப்எஸ், எச்ஜேஎஃப்எஸ் ஆகியவற்றைத் தந்தது, அண்மையில் ஜெஃப்ஸ் என்ற புதியதையும் சேர்த்திருக்கிறது. யெஸ்டர்டே என்ற கட்டளையைக் கோப்பின் பெயரோடு கொடுத்தால் நேற்றைய பிரதி எங்கே என்று காட்டும் பழைய வசதியை, ஃபாசிலிலும் சிடபிள்யூஎஃப்எஸ்ஸிலும் அன்றாடம் சேமிக்கப்படும் பிரதிகளே தருகின்றன. ஜெஃப்ஸ் மின்தடையில் கெட்டுப்போகாத கட்டமைப்பையும் அந்நேர நிலையை அப்படியே பதிந்துவைக்கும் உடனடி ஸ்னாப்ஷாட்டையும் குறியாகக் கொண்டது என்றாலும், வயதில் இளையது. முக்கியமான கோப்புகளை அதில் வைப்பவர் வேறிடத்திலும் ஒரு நகல் வைத்துக்கொள்வது நல்லது.

கணினியைப் பொறுத்தவரை, இந்தச் சமூகத்தில் பழைய திங்க்பேட் மடிக்கணினிகளுக்கு இருக்கும் மவுசு வெறும் பழம்பற்று அன்று. பிளான் 9இன் ஆக்மி எடிட்டரில் இடப் பொத்தானை அழுத்திச் சொல்லைத் தேர்ந்து, விடாமலே நடுப்பொத்தானைத் தட்டினால் அது வெட்டப்படும்; வலப்பொத்தானைத் தட்டினால் வெட்டியது ஒட்டப்படும். மூன்று பொத்தான்கள் உண்மையாகவே இருக்கும் மடிக்கணினிகள் இன்று அரிது. இன்றைய இணையதளங்களைத் திறக்கும் உலாவி எந்தக் கிளையிலும் இல்லை. மோத்ராவும் நெட்சர்ஃபும் எளிய பக்கங்களோடு நின்றுவிடும். வங்கிக் கணக்கைப் பார்க்க வேறு கணினிதான்.

ஹார்வி, பிளான்9போர்ட் என்ற மற்ற இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜிசிசி, கிளாங் கம்பைலர்களுக்கு மாறினால் புதியவர்கள் வருவார்கள் என்று நம்பிப் புறப்பட்ட ஹார்வியின் பணி நின்றுவிட்டது. பிளான் 9இன் சொந்தக் கம்பைலர்கள் முழு அமைப்பையும் சில நிமிடங்களில் கட்டிவிடும் வேகத்தை அதற்காக இழந்தது நட்டமே. பிளான்9போர்ட் லினக்ஸிலும் மேக்கிலும் ஆக்மி, சாம் ஆகிய எடிட்டர்களையும் ஆர்சி ஷெல்லையும் தருகிறது. பழகிப் பார்க்க அது போதும், ஆனால் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் தனிப் பெயர்வெளி (அதற்கு மட்டும் தெரியும் கோப்பு அடைவு அமைப்பு) என்ற சாரம் அதில் வராது.

தமிழில் எழுதுகிறவருக்கு மட்டும் இரண்டு கிளைகளுமே ஏமாற்றம் தரும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றையும் மூன்று பைட்டுகளில் இன்று உலகமெங்கும் கொண்டுசெல்லும் யுடிஎஃப்-8, 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்து, முதலில் பிளான் 9இல் பயன்படுத்தியது. அந்தப் பிளான் 9இலோ, ஒரு குறியீட்டுக்கு ஒரு வடிவம் என்று வரிசையாக வரைந்துகொண்டே போவதால், ‘கெ’ என்பதில் ககரத்துக்குப் பின்னால் கொம்பு போய் நிற்கும். ஜப்பானியம் தட்டச்சிட 9ஃபிரன்ட்டில் கேடிரான்ஸ் இருக்கிறது. ஆனால் தமிழுக்கு முதலில் வேண்டியது தட்டச்சு அன்று, எழுத்து வரையும் லிப்டிராவில் கொம்பை முன்னால் கொண்டுவரும் திருத்தம்.