பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்க: அமெரிக்க இலவச வகுப்பா, உள்ளூர்ப் பயிற்சியா?

சிங்கப்பூரில் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் தொண்டூழியத்துக்கு வர நினைக்கிறவர்களுக்கு என் முதல் ஆலோசனை, சான்றிதழைப் பார்த்துப் பயிற்சியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். போலிஸ் நிலையத்திலா, நீதிமன்றத்திலா, தொலைபேசியிலா, எங்கே உட்காரப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

அமெரிக்க நீதித்துறை உருவாக்கிய இலவச இணையப் பயிற்சி நன்றாகத்தான் இருக்கிறது. அதிர்ச்சியில் இருப்பவரிடம் எப்படிப் பேசுவது, துயரத்தையே கேட்டுக்கேட்டு நாம் துவண்டுபோகாமல் இருப்பது எப்படி, இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். ஆனால் இழப்பீடு என்று வந்தால் கதையே வேறு. அங்கே 1984 சட்டப்படி குற்றவாளிகள் கட்டும் அபராதத்திலிருந்து ஒரு நிதி சேர்ந்து, அது மாநில இழப்பீட்டுத் திட்டங்களுக்குப் போகிறது. இங்கே குற்றவாளியே இழப்பீடு தரவேண்டுமா என்று தண்டனை விதிக்கும்போது நீதிபதி பரிசீலிக்கிறார். இந்த வித்தியாசம் தெரியாமல் "விண்ணப்பம் போட்டால் பணம் கிடைக்கும் அக்கா" என்று சொல்லிவிட்டால், அந்த அக்காவுக்கு அது இரண்டாவது அடி.

பெண்கள் உரிமைக்காகப் பாடுபடும் அவேர் (AWARE) அமைப்பின் பாலியல் தாக்குதல் குறித்த பயிலரங்கு சின்னது. ஒருவர் நம்மிடம் முதன்முதலாக வாய் திறக்கும் நேரத்தில் என்ன சொல்லலாம், என்ன சொல்லவே கூடாது என்பதுதான் பாடம். தொண்டூழியத்துக்கே வராதவர்கள்கூடப் போகலாம், என்னைக் கேட்டால் ஆசிரியர்கள் கட்டாயம் போகவேண்டும்.

அப்புறம் காவல்துறையின் பாதிக்கப்பட்டோர் பராமரிப்புத் தொண்டூழியர் குழு, சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் வழியாக நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் பிள்ளைகளுக்குத் துணையிருப்பது. இரண்டிலும் ஆளைத் தேர்ந்தெடுத்துத்தான் பயிற்சி தருவார்கள். பிள்ளை பக்கத்தில் இருக்கலாம், தைரியம் சொல்லலாம், ஆனால் சாட்சியத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. வாய் ஓயாத நம்மவர்களுக்கு இதுதான் கஷ்டமான பாடம்!

இதையே வேலையாகச் செய்ய நினைத்தால் சமூகப்பணிப் பட்டம்தான் சரி. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் படிக்கலாம்.

நானாக இருந்தால் அவேர் பயிலரங்கை முதலில் முடித்துவிட்டு, அமெரிக்கப் பாடத்தில் சட்டப் பகுதியை விட்டுவிட்டு மற்றதைப் படிப்பேன். பயிற்சி பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், முன்னால் வந்து உட்காரும் பாட்டியோ தமிழில்தான் அழுவார், அதனால் ஒத்திகையை வீட்டில் தமிழிலும் செய்து பார்ப்பது நல்லது. பயிற்சி முடிவதற்குள் யாராவது உங்களிடம் வந்து தனக்கு நேர்ந்ததைச் சொன்னால், வன்முறை, பாலியல் தொல்லைக்கான தேசிய உதவி எண் 1800-777-0000, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.