கிங் தீவின் காற்று–டீசல் மின்சேவை: வாங்குவோர் நோக்கில் ஒரு மதிப்புரை

ஆஸ்திரேலியாவில் விக்டோரியாவுக்கும் டாஸ்மானியாவுக்கும் இடையே, பாஸ் நீரிணையில் உள்ள கிங் தீவுக்கு வெளியிலிருந்து மின்கம்பி இணைப்பு எதுவும் இல்லை. பாலாடைக்கட்டிக்குப் பெயர்பெற்ற அத்தீவின் ஏறத்தாழ 1,600 பேருக்கு ஹைட்ரோ டாஸ்மானியா நிறுவனம் நடத்திவரும் மின்சேவையை, ஒதுக்குப்புற ஊர்களுக்கு இத்தகைய அமைப்பை நிறுவ விரும்புவோரின் நோக்கில் இங்கே மதிப்பிடுகிறேன்.

1998-இல் மூன்றும் 2003-இல் இரண்டுமாக நிறுவப்பட்ட காற்றாலைகளின் மொத்தத் திறன் 2.45 மெகாவாட், இது தீவின் உச்சத் தேவையை ஏறக்குறைய எட்டும் அளவு. ஆயினும் பலத்த காற்று வீசிய நாட்களிலும் டீசல் எஞ்சின்களை நிறுத்த முடியவில்லை. மின்னழுத்தத்தையும் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணையும் நிலைநிறுத்தியவை அவையே. தவிர, மிகக் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓடினால் எஞ்சினில் கரி படியும். காற்றாலை விற்பவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

இந்தக் குறையைத் தீர்த்தவை பின்னர் சேர்க்கப்பட்ட மூன்று சாதனங்கள். ரெசிஸ்டர் எனப்படும் 1.5 மெகாவாட் மின்தடை அமைப்பு மிகுதி மின்சாரத்தை வெப்பமாக்கி வெளியேற்றுகிறது. வீணடிப்பதுபோல் தோன்றினாலும், காற்று சட்டெனத் தணியும்போது தான் உறிஞ்சும் மின்சாரத்தைக் குறைத்து, அதை நொடிக்குள் ஊருக்கு விட்டுக்கொடுப்பதால், என் கணிப்பில் பணத்துக்கு மிகுந்த பயன் தருவது இதுதான். ஃப்ளைவீல் எனப்படும் கனத்த சுழல்சக்கரம், எஞ்சின் அணைந்திருக்கும்போதும் சுழன்று மின்வலையின் நிலைத்தன்மையைக் காக்கிறது. 3 மெகாவாட் பேட்டரியின் கொள்ளளவு 1.5 மெகாவாட்-மணி மட்டுமே என்பதால், முழுத் திறனில் அது அரை மணி நேரமே தாங்கும். காற்றில்லாத இரவை அதை நம்பிக் கடக்க இயலாது.

முன்னர் ஆண்டுக்குச் சுமார் 45 லட்சம் லிட்டர் டீசல் எரித்த தீவில், ஆண்டு மின்தேவையில் ஏறத்தாழ 65 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து பெறுவதை இலக்காகக் கொண்டே இத்திட்டம் வகுக்கப்பட்டது. 2015-இல் ஏறத்தாழ 33 மணி நேரம் தொடர்ச்சியாக டீசல் இன்றியே தீவு இயங்கியது. காற்று, டீசல், பேட்டரி ஆகியவற்றின் அப்போதைய பங்கை எவரும் இணையத்தில் நேரலையாகக் காணும்படி வெளியிட்டது பாராட்டுக்குரியது.

விலைதான் உறுத்துகிறது. சுமார் 1.8 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவான இத்திட்டத்துக்கு அரசு மானியம் துணைநின்றது; அத்தகைய துணை இல்லாத சிற்றூர் இதை அப்படியே பின்பற்ற முடியாது. மின்தடை அமைப்பு வெளியேற்றும் வெப்பம் காற்றில் கலந்துபோவதற்கும் மதிப்பெண் குறைக்கிறேன். அலாஸ்காவின் காங்கிகனாக் ஊரில் மிகுதிக் காற்று மின்சாரம் வீடுகளிலுள்ள மின் கணப்புகளில் வெப்பமாகச் சேர்த்துவைக்கப்படுகிறது; கிங் தீவின் குளிர்காலத்திலும் அந்த வெப்பத்தில் ஒரு பகுதியையேனும் வீடுகளுக்குத் திருப்பியிருக்கலாம்.