முடிவு எது, ஆதாரம் எது: எல்சாட், கிளாட் எழுதுபவர்களுக்கு மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் லாஜிக்கல் ரீசனிங்கில், அதாவது வாதங்களை அலசச் சொல்லும் பகுதியில், முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஒரு பத்தியைக் கொடுத்து, எழுதியவர் சொல்லவரும் முடிவு எது, அதற்கு அவர் காட்டும் ஆதாரம் எது என்று கேட்டால், எல்லா வரியும் முடிவு மாதிரியே தெரியும். இதைப் பிரித்தெடுக்க யூடியூபிலும் கோச்சிங் வகுப்புகளிலும் சொல்லித்தரும் வழிகளைச் சலித்துப் பார்த்தால் உருப்படியாக மூன்று தேறும்: அடையாளச் சொற்களைப் பிடித்துக்கொண்டு போவது, ஒவ்வொரு வரியிடமும் ‘ஏன் அப்படிச் சொல்கிறாய்?’ என்று கேட்பது, அம்புக்குறி போட்டுப் படம் வரைவது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் நல்லது என்று நழுவிவிடலாம்தான். ஆனால் என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் முதலாளி, மற்ற இரண்டும் அதற்கு எடுபிடி.

முதலில் தேர்வுகளைப் பார்த்துவிடலாம். அமெரிக்க, கனடா சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட்டில் 2024 ஆகஸ்ட் முதல் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதியைத் தூக்கிவிட்டார்கள். இப்போது மதிப்பெண்ணுக்குக் கணக்கில் வரும் மூன்று பகுதிகளில் இரண்டு லாஜிக்கல் ரீசனிங்தான். 35 நிமிடத்தில் சுமார் 25 கேள்விகள், பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு குட்டிப் பத்தி, தப்பாக எழுதினால் மதிப்பெண் குறையாது. நம்மூர் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் வேறு ஜாதி. 120 நிமிடத்தில் 120 கேள்விகள், ஒரு தப்புக்குக் கால் மதிப்பெண் போய்விடும், பத்தி 450 சொல் வரை நீளும், அந்த ஒரே பத்தியை வைத்து வரிசையாகப் பல கேள்விகள். திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர இதுதான் வாசல். (மாநில அரசின் சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள், எனவே அந்தப் பக்கம் போகிறவர்கள் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.)

அடையாளச் சொல் வழி எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வது. ‘தேர்ஃபோர்’, ‘தஸ்’, ‘ஹென்ஸ்’ வந்தால் அடுத்து வருவது முடிவு. ‘பிகாஸ்’, ‘சின்ஸ்’, ‘ஆஃப்டர் ஆல்’ வந்தால் அடுத்து வருவது ஆதாரம். ஒரே நாளில் மனப்பாடம் ஆகிவிடும், வேகமும் கிடைக்கும், கேள்வி சுலபமாக இருந்தால் பிரச்சினையே இல்லை. சிக்கல் என்னவென்றால், கேள்வி தயாரிக்கிறவர்களுக்கும் இந்தப் பட்டியல் தெரியும். ‘சின்ஸ் 1990’ என்று வந்தால் அது வெறும் காலக்கணக்கு. நிறைய பத்திகளில் இப்படி ஒரு சொல்லும் இருக்காது. இன்னும் மோசம், ‘தேர்ஃபோர்’ இருக்கும், ஆனால் அதற்குப் பின்னால் இருப்பது உண்மையான முடிவாக இருக்காது.

ஒரு பத்தி பாருங்கள். எல்சாட் பாணியில் நானே எழுதியது, புரிவதற்காகத் தமிழில்: “கடைத்தெருவில் சைக்கிள் பாதை போட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பயத்துக்கு அடிப்படையே இல்லை. பக்கத்து ஊரில் பாதை போட்ட தெருவில் விற்பனை ஏறியிருக்கிறது. தவிர, சைக்கிளில் வருகிறவர்களுக்கு வண்டி நிறுத்த இடம் தேட வேண்டிய தொல்லை இல்லை, ஆகவே அவர்கள் அடிக்கடி வந்து வாங்குவார்கள்.”

அடையாளச் சொல்லை மட்டும் நம்புகிறவர் ‘ஆகவே’யைப் பார்த்ததும் கடைசி வரியில் போய் விழுவார். நமக்கு அந்தப் பழக்கம் இன்னும் கொஞ்சம் அதிகம், ஏனென்றால் காரணத்தை முன்னால் சொல்லி முடிவைக் கடைசியில் வைப்பதுதான் தமிழ் வாக்கியத்தின் இயல்பான ஓட்டம். ஆங்கிலப் பத்தியிலோ முடிவு தலையில் இருக்கும், நடுவில் இருக்கும், எங்கேயும் இருக்கும். இத்தனைக்கும் முடிவை முதலில் போடுவது நமக்குப் புதிதும் இல்லை. மணிமேகலையில் வரும் அளவை நூல் (தர்க்கம்) பாடத்தில், மலையில் நெருப்பு இருக்கிறது என்பதை முதலில் நிறுத்திவிட்டு, புகை இருப்பதால் என்ற ஏதுவையும் (காரணத்தையும்), அடுக்களை என்ற எடுத்துக்காட்டையும் அதற்குப் பிறகுதான் சொல்கிறார்கள்.

சரி, அதே பத்தியில் ‘ஏன்’ கேட்டுப் பார்ப்போம். ‘பயத்துக்கு அடிப்படையே இல்லை’ என்கிறாயே, ஏன் அப்படிச் சொல்கிறாய்? பக்கத்து ஊரில் விற்பனை ஏறியிருக்கிறது, சைக்கிள்காரர்கள் அடிக்கடி வந்து வாங்குவார்கள் என்று இரண்டு பதில் கிடைக்கிறது. ‘அடிக்கடி வருவார்கள்’ என்கிறாயே, ஏன்? வண்டி நிறுத்துவது சுலபம். இதற்கும் பதில் கிடைக்கிறது, ஆனால் ‘அடிக்கடி வருவார்கள்’ என்ற வரியே ‘பயத்துக்கு அடிப்படையே இல்லை’ என்ற வரிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. அப்படியானால் இது இடைநிலை முடிவு. பத்தியின் முடிவு இரண்டாவது வரிதான். சந்தேகம் தீரவில்லை என்றால் இரண்டு வரிக்கும் நடுவில் ‘எனவே’ போட்டு இரண்டு பக்கமும் படித்துப் பாருங்கள். “அடிக்கடி வந்து வாங்குவார்கள், எனவே பயத்துக்கு அடிப்படையில்லை” என்பது நிற்கிறது. “பயத்துக்கு அடிப்படையில்லை, எனவே அடிக்கடி வந்து வாங்குவார்கள்” என்பது கோணலாக இருக்கிறது. இதற்கு ஐந்து விநாடிகூட ஆகாது.

அடையாளச் சொற்களில் நான் உண்மையிலேயே மதிக்கிற ஒரு கூட்டம் உண்டு, அது ‘தேர்ஃபோர்’ கூட்டம் இல்லை. ‘பட்’, ‘ஹவெவர்’, ‘யெட்’ போன்ற திருப்பும் சொற்கள். ‘சிலர் இப்படிச் சொல்கிறார்கள்’ என்று எதிராளி பேச்சில் தொடங்கி, ஓர் ‘ஆனால்’ போட்டு, எழுதியவர் தன் பேச்சுக்கு வருவது எல்சாட்டில் அடிக்கடி வரும் அமைப்பு. அந்தத் திருப்பத்துக்கு அடுத்த வரியில் முடிவு உட்கார்ந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மேலே உள்ள பத்தியிலும் அங்கேதான் இருந்தது.

‘ஏன்’ வழிக்கும் ஓட்டை இல்லாமல் இல்லை. விளக்கத்தை வாதமாக எடுத்துக்கொண்டு ஏமாறும். “2019-ல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது, ஏனென்றால் முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை குறைந்துபோனது.” ஏன் என்று கேட்டால் பதில் கச்சிதமாக வருகிறது. ஆனால் பஞ்சம் வந்ததா என்று இங்கே யாரும் சந்தேகப்படவில்லை. குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றவர்களுக்கு அதை நிரூபித்துக் காட்ட வேண்டியதும் இல்லை. இது எப்படி நடந்தது என்று சொல்கிறது, நம்பவைக்கப் பார்க்கவில்லை. அதனால் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும்: ‘ஏன் அப்படி நடந்தது?’ இல்லை, ‘ஏன் அப்படிச் சொல்கிறாய்?’. கூடவே, இந்த வரியை ஒருவர் மறுத்துப் பேச முடியுமா என்றும் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான விளக்கங்கள் கழன்று விழுந்துவிடும்.

படம் வரையும் வழியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கிளாட்டில் கேள்விக்கு ஒரு நிமிடம், அதிலேயே பத்தி படிக்கும் நேரமும் அடக்கம், இதில் எங்கே படம் போடுவது? எல்சாட்டில் ‘இஃப்’, ‘ஒன்லி இஃப்’, ‘அன்லெஸ்’ என்று நிபந்தனைகள் சங்கிலியாக வரும் கேள்விகளுக்கும், ஒரே வார்ப்பில் இருக்கும் இன்னொரு வாதத்தைத் தேடச் சொல்லும் கேள்விகளுக்கும் அம்புக்குறி கைகொடுக்கும், அங்கே அது இல்லாமல் திண்டாடுவீர்கள். முடிவைக் கண்டுபிடிக்க மட்டும் என்றால் வேண்டாம். வீட்டில் பயிற்சி செய்யும்போது தப்பான கேள்விகளை மட்டும் வரைந்து பார்ப்பது நல்ல பழக்கம்.

இன்னொரு பழைய சண்டை, கேள்வியை முதலில் படிப்பதா பத்தியை முதலில் படிப்பதா என்பது. எல்சாட்டில் கேள்வியை முதலில் படியுங்கள். குட்டிப் பத்தி, ஒரே கேள்வி, வாதத்தைப் பலவீனப்படுத்தச் சொல்கிறார்களா, ஒரு வரியின் வேலை என்ன என்று கேட்கிறார்களா என்று தெரிந்துகொண்டு உள்ளே போனால் கண் சரியான இடத்தில் நிற்கும். கிளாட்டில் அத்தனை கேள்விகளையும் படித்துவிட்டுப் பத்திக்கு வருவதற்குள் முதல் கேள்வி மறந்துபோகும். அங்கே பத்தியை ஒரு மூச்சில் படித்து, ஒவ்வொரு பாராவிலும் எழுதியவர் எதை நிலைநாட்டப் பார்க்கிறாரோ அந்த வரிக்கு மட்டும் கோடு போட்டுக்கொண்டு, அப்புறம் கேள்விகளுக்குப் போவதுதான் சரிப்படும். கேள்வித்தாளே கையில் இருக்கிறதே, கோடு போட என்ன தயக்கம்.

பயிற்சிக்குக் கைடுகளை விடப் பழைய வினாத்தாள்கள் மேல். கிளாட் நடத்தும் கன்சார்டியம் (தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு) முந்தைய தாள்களைத் தன் தளத்திலேயே வைத்திருக்கிறது, எல்சாட் நடத்தும் எல்சாக் அமைப்பின் லாஹப் தளத்தில் சில மாதிரித் தேர்வுகள் இலவசம். கொடுத்திருக்கும் விடைத் தெரிவுகளை மறைத்துக்கொண்டு முதலில் முடிவை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லிப்பாருங்கள், தமிழில் சொன்னாலும் பரவாயில்லை. பிறகு அந்தத் தெரிவுகளைத் திறந்தால், ஒன்று ஆதாரத்தையே திருப்பிச் சொல்லும், இன்னொன்று இடைநிலை முடிவாக இருக்கும். ‘சைக்கிள் பாதை எல்லா ஊரிலும் வியாபாரத்தைப் பெருக்கும்’ என்பது போல எழுதியவர் சொன்னதற்கு ஒரு படி மேலே போகிறதும் ஒன்று இருக்கும், நன்றாகப் படிக்கிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அதில்தான்.