பெண்கள் நடத்தும் டிரைவிங் ஸ்கூல், திருச்சி: 15 வகுப்பு முடித்தவள் எழுதுவது

ஸ்கூல் பெயரைப் போடவில்லை. போட்டால் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறாள் என்று நாலு பேர் வருவார்கள். தவிர, கீழே குறையும் நிறையச் சொல்லப்போகிறேன்.

எனக்கு 41 வயது. லைசென்ஸ் வாங்கி 9 வருடம் ஆகிறது. போன மாதம் வரை கார் ஓட்டத் தெரியாது. மூன்றும் உண்மைதான். லைசென்ஸ் வாங்கியபோது நாங்கள் வேறு ஊரில் இருந்தோம், அங்கே ஒரு டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டினேன் (கட்டியது நான், ரசீது எழுதியவர் "சார் வரலையா" என்றுதான் கேட்டார்). சொல்லிக்கொடுத்தவரைக் குறை சொல்ல முடியாது, ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை, ஆனால் 20 நாளும் அவர் கால் அவர் பக்கத்துப் பெடலை விட்டு நகரவே இல்லை. பயிற்சிக் காரில் கிளட்சும் பிரேக்கும் இரண்டு பக்கமும் இருக்கும் இல்லையா, நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வண்டியை அவர் ஓட்டினார். மேட்டில் திணறாமல் ஏறியபோதெல்லாம் பரவாயில்லையே, நமக்கு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். டெஸ்ட் அன்றும் அதே கதை. லைசென்ஸ் வந்தது, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போய் உட்கார்ந்தது. வீட்டுக் காரைத் தனியாக எடுத்த அன்று கேட்டைத் தாண்டுவதற்குள் நாலு தடவை ஆஃப் ஆனது. அதோடு சரி. என் நெருங்கிய தோழிகளில் ஆறு பேரிடம் லைசென்ஸ் இருக்கிறது, ஓட்டுவது ஒருத்தி.

இந்த ஸ்கூலுக்குப் போனது அந்த ஒருத்தி சொல்லித்தான். உரிமையாளர், பயிற்சி தருபவர்கள், ஆபீஸில் போன் எடுப்பவர் எல்லோரும் பெண்கள். 15 வகுப்பு, ஒவ்வொன்றும் அரை மணி, 6,500 ரூபாய். லைசென்ஸ் வேண்டுமென்றால் அதற்குத் தனி.

எனக்கு வாய்த்த அக்காவுக்கு ஐம்பதை ஒட்டி வயது இருக்கும். முதல் நாள் வண்டியில் ஏறியதும் கிளட்ச் எது பிரேக் எது என்று ஆரம்பிப்பார் என்று பார்த்தால், "வீட்ல கார் இருக்குல்ல? சாவி எங்க இருக்கும்?" என்று கேட்டார். என் கணவரின் ஆபீஸ் பையில் என்றேன். "அப்ப மொதல்ல டூப்ளிகேட் சாவிய எடுத்து உங்க ஹேண்ட்பேக்ல போடுங்க, அப்புறம் கிளட்ச் பாப்போம்." இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஸ்கூலா என்று அப்போது தோன்றியது. ராத்திரி அந்த டூப்ளிகேட் சாவியைத் தேடினோம், தேடினோம், கடைசியில் அது என் மாமியார் வீட்டு அலமாரியில் கிடைத்தது. ஆறு வருடமாக வீட்டில் இருக்கும் கார்.

நாலாம் நாள் மறக்காது. காலை ஆறரை, ஆள் நடமாட்டமில்லாத ஒரு மைதானம். அக்கா செருப்பைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டுவிட்டு, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "என் கால் ரெண்டும் மேல இருக்கு, பாத்துக்கங்க. இனி நிறுத்துறதா இருந்தா நீங்கதான்." கை மட்டும் ஹேண்ட்பிரேக் மேல் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். இது பாதுகாப்பா என்று கேட்டால் ரோட்டில் கண்டிப்பாக இல்லை, மைதானத்தில்கூட விவாதத்துக்குரியதுதான், ஆனால் எனக்கு ஹாஃப் கிளட்ச் (கிளட்சைப் பாதி மட்டும் விட்டு வண்டியை நகர்த்துவது) என்றால் என்னவென்று புரிந்தது அந்தப் பத்து நிமிடத்தில்தான். வண்டி ஏழு முறை ஆஃப் ஆனது. ஒருமுறைகூட அவர் கால் கீழே வரவில்லை. பயமாக இருக்கிறது என்றதற்கு, "கன்னியாகுமரிக்காரங்க வசந்தகுமாரி 1993லயே அரசு பஸ் ஓட்டுனாங்க, நீங்க இந்த டப்பாவுக்குப் போய்..." என்றார். அந்த டப்பா எங்கள் வீட்டுக் காரைவிடப் பழசு.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவருக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "நீ காசு குடுத்துக் கத்துக்கிற, நாங்க ஓசில கத்துக்கிட்டோம்" என்றார்.

அம்மா புதுக்கோட்டை. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தபோது எழுத்துப் படிக்கப் போன பெண்களோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க ஏற்பாடு செய்தார், 1992 மகளிர் தினத்தை ஒட்டி 1,500 பெண்களுக்கு மேல் மணியடித்துக்கொண்டு டவுனுக்குள் சைக்கிளில் வந்தார்கள், சுமார் ஒன்றரை வருடத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. ஆனால் பலருக்கும் ஜென்ட்ஸ் சைக்கிள்தான் வசதியாக இருந்தது. ஏன் என்றால் அதில் நடுவில் பார் இருக்கும், பிள்ளையை உட்கார வைக்கலாம். எனக்கு அப்போது ஏழு வயது. அந்தப் பாரில் ஒரு துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்து அம்மா ஓட்டிப் போனது நினைவிருக்கிறது, கண்மாய்க்கரையில் ஆடுமேய்க்கும் தாத்தா ஒருவர் எழுந்து நின்று பார்த்ததும் நினைவிருக்கிறது. அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தது பக்கத்துத் தெருப் பெண், அவளே ஒரு வாரம் முன்புதான் கற்றிருந்தாளாம். விழுந்தால் தூக்கிவிட மாட்டாளாம், சைக்கிளை மட்டும் தூக்கி நிறுத்துவாளாம்.

சரி, குறைகள். கிளட்ச் கல் மாதிரி இருக்கிறது, முதல் வாரம் முழங்கால் வலித்தது. ஏசி கிடையாது. அரை மணி என்று சொன்னாலும் அதில் ஏழெட்டு நிமிடம் அடுத்து வருபவர் வீட்டுக்கு வண்டியைக் கொண்டுபோவதில் கழிகிறது, அதுவும் ஓட்டம்தானே என்பார்கள், ஆனால் தினமும் அதே தெரு. இரண்டே கார்தான் என்பதால் ஒன்று பழுதானால் வகுப்பு ரத்து, எனக்கு மூன்று நாள் அப்படிப் போனது, காலை ஐந்தே முக்காலுக்கு மெசேஜ் வருகிறது. வண்டியை வரிசையில் நுழைத்துப் பார்க்கிங் செய்ய ஒரே ஒரு நாள். ராத்திரி ஓட்டும் பயிற்சி இல்லை, ஹைவேயும் இல்லை. பெண்கள் ஸ்கூல் என்று பெயர் வைத்துவிட்டு இருட்டியதும் ஓட்டச் சொல்லித்தராதது எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் எனக்குக் கார் தேவைப்படுவதே ராத்திரியில்தான், அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வரும்போது. உரிமையாளரிடம் சொன்னேன், பயிற்சி தருபவர்கள் வீடு திரும்பவேண்டுமே என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்று, சீட். ஐந்தடிக்கும் குறைவான எனக்கு பானெட்டுக்கு அப்பால் வானம்தான் தெரிந்தது. முதுகுக்கும் கீழேயும் தலையணை கொடுத்தார்கள். இது ஸ்கூல் தப்பில்லை, காரை மோதிச் சோதிக்க வைக்கும் பொம்மையையே ரொம்ப காலம் சராசரி ஆண் உடம்பு அளவுக்குத்தான் செய்தார்கள், நாம் தலையணையோடு சமாளிக்கிறோம்.

வகுப்பு முடிந்த மறு ஞாயிறு அம்மாவை முன் சீட்டில் வைத்து புதுக்கோட்டை போனேன். டிவிஎஸ் டோல்கேட்டில் பின்னால் ஹாரன் அடித்தே கொன்றார்கள், கீரனூர் தாண்டியதும் கை தளர்ந்தது. அம்மா வழியெல்லாம் பேசவில்லை. நார்த்தாமலை பக்கம் ஒரு லாரியை முந்தாமல் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தபோது மட்டும், "இவன் பின்னாடியே போனா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்" என்றார். முந்தவில்லை. அதற்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அஞ்சுக்கு நாலு கொடுக்கலாம். ஆறு மணி வகுப்பைக் கேட்டு வாங்குங்கள், ஏழுக்கு மேல் ஸ்கூல் வேன்கள் வந்துவிடும். தலையணை வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள், அங்கே இருப்பது அப்பளமாகிவிட்டது.