பிரைட்டன் வரையறைகள்: காய்ச்சலுக்குக் கச்சிதம், ஒவ்வாமைக்குச் சிக்கல்

தடுப்பூசிக்குப் பிந்தைய பாதக நிகழ்வுகளின் அறிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலை. "உடம்பு கொதித்தது" என்று ஒருவர் எழுதுவார். "லேசான சூடு" என்று இன்னொருவர். எதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தடுப்பூசிக்குப் பிந்தைய பாதக நிகழ்வுகளுக்குப் பொதுவான வரையறைகளை வகுக்கும் சர்வதேச அமைப்பு, 2000ஆம் ஆண்டு தொடங்கிய பிரைட்டன் கூட்டமைப்பு. அதன் வரையறைகள் இந்தத் தலைவலியைப் பெருமளவு தீர்க்கின்றன. காய்ச்சலா? ஒரு தடவையாவது அளந்த வெப்பநிலை 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அக்குளில் வைத்தீர்களா, வாயிலா என்ற வாதமே இல்லை. தொட்டுப் பார்த்துச் சொன்னது செல்லாது. எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கறார்தான்.

உறுதிநிலைகளும் நன்று. முதல் நிலை என்றால் நோயறிதல் மிக உறுதி. மூன்றாம் நிலையில் ஆதாரம் குறைவு. நோயின் கடுமையையோ, தடுப்பூசிதான் காரணமா என்பதையோ இவை சொல்வதில்லை. எத்தனை முறை விளக்கினாலும், முதல் நிலை என்றதும் பதறுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

குறை, அனஃபிலாக்சிஸ் என்ற உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமை. 2023இல் திருத்தப்படும்வரை இருந்த 2007ஆம் ஆண்டு வரையறையில் தோல், சுவாசம், ரத்த ஓட்டம் என்று முதன்மை அறிகுறிகளையும் துணை அறிகுறிகளையும் கூட்டிக் கழித்து மாளவில்லை. உயிர் காக்கும் அவசரத்தில் ரத்த அழுத்தத்தைக் குறித்துவைக்க யாருக்கு நேரம்? குறிப்பு இல்லையென்றால், உண்மையான நோயாளியும் நான்காம் நிலைக்கு, அதாவது 'தகவல் போதவில்லை' என்ற பெட்டிக்குப் போய்விடக்கூடும். ஐந்துக்கு நான்கு மதிப்பெண்.