ஹாம்ப்டன் 8: முதல் மோப்பத்தில் மூக்கைச் சுளிக்க வைத்த ரம்

பல வருடம் எனக்கு ரம் என்றால் இனிப்புதான். முதலில் பிடித்துப்போன பாட்டில், பெயர் வேண்டாம், வெனிலாவும் சாக்லேட்டுமாக வழவழவென்று இறங்கும், கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் அதையே சிபாரிசு செய்திருக்கிறேன். ஒருநாள் ராத்திரி மேசையில் கொஞ்சம் சிந்தியதைத் துடைக்காமல் தூங்கிவிட்டேன். காலையில் கை வைத்தால் பாகு கொட்டின மாதிரி பிசுபிசுப்பு. ஊறலில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடும், மிச்சமும் காய்ச்சும்போது பாத்திரத்திலேயே தங்கிவிடும், அப்படியானால் இந்த இனிப்பு பின்னால் கலந்ததுதானே?

அதற்கப்புறம்தான் பார்படாஸ் பக்கம் போனேன். 1703 முதல் பத்திரம் வைத்திருக்கும் மவுண்ட் கே ஆலையின் ரம், பிறகு ஃபோர்ஸ்குவேர். ரம்மில் சர்க்கரை சேர்ப்பதை வெளிப்படையாக எதிர்க்கும் ரிச்சர்ட் சீல் நடத்தும் ஆலை அது. இனிப்புக்குப் பழகிய நாக்குக்கு முதலில் இரண்டுமே சப்பென்று இருந்தன. ஒரு மாதம் ஆனது, ஓக் பீப்பாய் வாசனை தனியாகப் பிடிபட. ஜமைக்காவின் ஆப்பிள்டன் 12 உடனே பிடித்தது, அந்த ஆரஞ்சுத் தோல் கசப்புக்காகவே.

சரி, ஹாம்ப்டன். ஜமைக்காவில் ட்ரெலானி பகுதியில் இருக்கிற பழைய ஆலை. வெளியிலிருந்து ஈஸ்ட் வாங்கிப் போடாமல், காற்றிலும் மரத்தொட்டியிலும் இருப்பதை நம்பியே ஊறல் போடுகிறார்கள், அதுவும் நாள் கணக்கில் ஊறும். போன முறை காய்ச்சியதில் மிஞ்சிய புளித்த கழிவுநீரையும் சேர்ப்பார்கள், அதற்கு டண்டர் என்று பெயர். கேட்கவே குமட்டும். ஆனால் பழ வாசனை தரும் எஸ்டர்கள் எகிறுவது இந்த நீண்ட புளிப்பால்தான்.

மூடியைத் திறந்ததும் நெயில் பாலிஷ் வாடை, கெட்டுப்போன பாட்டிலோ என்று நினைத்தேன். கிளாஸில் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டால் அழுகும் பதத்துக்கு முந்தைய அன்னாசி, கறுத்த வாழைப்பழத் தோல், அதற்கடியில் ஆலிவ் ஊறின உப்புத் தண்ணீர். 46 சதவீதம்தான், ஆனாலும் ஒரு மிடறு வாயில் நெடுநேரம் நிற்கிறது. பீப்பாயில் எட்டு வருடம்தானா என்று குறைத்து எடைபோட வேண்டாம், ஸ்காட்லாந்தில் விஸ்கி பீப்பாயிலிருந்து வருடத்துக்கு 2 சதவீதம் ஆவியாகும் என்றால் கரீபியன் வெயிலில் 6 சதவீதம் வரை போகும், முதிர்ச்சியும் அந்த வேகத்தில்தான்.

முதல் ரம்மாக இதை யாருக்கும் கொடுக்காதீர்கள், ஓடிவிடுவார்கள். கோலாவில் கலப்பதும் வீண். சில துளி தண்ணீர் போதும், அன்னாசி இன்னும் விரியும்.

கரும்புச்சாற்றிலிருந்தே எடுக்கும் மார்டினிக் ரம் மட்டும் எனக்கு இன்னும் பாதி வழிதான். தனியாகக் குடித்தால் பச்சைப் புல், எலுமிச்சையும் கரும்புப் பாகும் சேர்த்து டி பன்ச் ஆக்கினால் மட்டும் இரண்டாவது கிளாஸ் கேட்கிறேன்.