பழைய காருக்கு ஹசார்ட் கிட்: எதை வாங்கலாம், எதைத் தூக்கிப் போடலாம் (வைப்பரையும் சேர்த்து)

கிளாசிக் கார்களுக்கென்று விற்கும் ஹசார்ட் லைட் (நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாகச் சிமிட்டவைக்கும் எச்சரிக்கை விளக்கு) கிட்டுகளில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் மூன்று வயர் உள்ள ஸ்விட்சும், விளக்கைச் சிமிட்டவைக்கும் தனி ஃபிளாஷரும் இருக்கும். இருக்கிற இண்டிகேட்டர் சர்க்யூட்டைத் தொடாமல் பக்கத்திலேயே இன்னொன்றாக ஓடும். இன்னொன்றில் ஏழு டெர்மினல் ஸ்விட்ச், நான்கு பல்பைத் தாங்கும் எலக்ட்ரானிக் ஃபிளாஷர். வாங்க வேண்டியது இரண்டாவது. முதல் ரகத்தை மாட்டுவது சுலபம்தான், ஆனால் அதன் குறை மாட்டிய அன்று கண்ணில் படாது.

வண்டியை ஓரங்கட்டி, இக்னிஷனை அணைத்து, ஹசார்டைப் போடுகிறோம் என்று வையுங்கள். இண்டிகேட்டர் லீவர் நடுவில் இருந்தால் வம்பில்லை. லீவர் இடது பக்கம் தள்ளியபடி கிடந்தால், இடது விளக்குகளுக்குப் போகும் மின்சாரம் லீவர் வழியாகப் பழைய ஃபிளாஷருக்குள் புகுந்து, பியூஸைக் கடந்து, இக்னிஷன் லைனுக்கே வந்து சேரும். சாவி கையில் இருக்கும்; டேஷ்போர்டில் சிவப்பு இக்னிஷன் விளக்கு ஹசார்டோடு சேர்ந்து சிமிட்டும். இக்னிஷன் காயிலுக்கும் கரண்ட் போகிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஏழு டெர்மினல் ஸ்விட்சில் இது நடக்காது. ஹசார்ட் அணைந்திருக்கும்போது 15ஆம் டெர்மினலில் வரும் இக்னிஷன் சப்ளையை 49 வழியே ஃபிளாஷருக்குக் கொடுக்கும். ஹசார்டைப் போட்டதும் 15ஐத் துண்டித்து, 30இல் வரும் பேட்டரி சப்ளையை 49க்கு மாற்றி, ஃபிளாஷரிலிருந்து திரும்பி வரும் 49ஏயை இடம், வலம் இரண்டு பக்க விளக்குகளோடும் சேர்க்கும். ஒரே ஃபிளாஷர், இரண்டு வேலை.

அதனால் பழைய ஃபிளாஷரை வைத்துச் சமாளிக்க முடியாது. அந்த வட்ட டப்பா 42 வாட்டுக்கு, அதாவது இரண்டு 21 வாட் பல்புக்கு அளவெடுத்தது. நான்கும் எரிந்தால் 84 வாட், 12 வோல்ட்டில் 7 ஆம்பியர். உள்ளே சூடாகி இயங்கும் பாகம் தாறுமாறாகச் சிமிட்டிவிட்டுச் சீக்கிரமே செத்துவிடும். எலக்ட்ரானிக் ஃபிளாஷருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எத்தனை பல்பு எரிந்தாலும் ஒரே வேகத்தில் சிமிட்டும் ரகத்தை வாங்கினால், ஒரு பல்பு போனது உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியாது. வாரம் ஒருமுறை இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும்.

பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்த) வண்டியா, 6 வோல்ட்டா என்று பார்க்காமல் எலக்ட்ரானிக் ஃபிளாஷரை மாட்டவே கூடாது. துருவம் மாறிய நொடியே அது போய்விடும். பிரேக் பல்பே இண்டிகேட்டராகவும் எரியும் வண்டிகளுக்கு இந்தக் கிட் அப்படியே சரிவராது. பிரேக்கை மிதித்தால் பின்பக்கச் சிமிட்டல் நின்றுவிடலாம். அவற்றுக்குத் தனி ரிலே போட்டுத்தான் செய்ய வேண்டும்.

கிட்டோடு வரும் நீல, சிவப்பு பிளாஸ்டிக் கிளிப் கனெக்டர்களைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். வயரைச் சீவி உள்ளே இறங்கும் அந்தத் தகடு பழைய செப்புக் கம்பியில் பாதி இழைகளை அறுத்துவிடும், மிச்சத்தை ஈரம் தின்னும். லூகாஸ் (பிரிட்டிஷ் மின்பாக நிறுவனம்) வயரிங் உள்ள வண்டியில் ஸ்டியரிங் தண்டுக்குக் கீழே புல்லட் கனெக்டர்கள் (குண்டு போன்ற முனையை ஸ்லீவ் என்ற குழலில் செருகும் இணைப்பு) வரிசையாக இருக்கும். பச்சையில் சிவப்புக் கோடு இடது, பச்சையில் வெள்ளைக் கோடு வலது. நிறம் மங்கியிருந்தால் இண்டிகேட்டரைப் போட்டு டெஸ்ட் லைட் வைத்துப் பாருங்கள். அங்கிருக்கும் ஒற்றை ஸ்லீவைக் கழற்றி இரட்டை ஸ்லீவ் போட்டு, கிட்டின் வயர் முனையில் 4.7 மி.மீ. புல்லட்டை அழுத்திச் செருகினால் முடிந்தது. அசல் வயர்க் கட்டில் ஒரு வெட்டும் விழாது. நாளைக்கு எடுக்க நினைத்தாலும் சுவடில்லாமல் எடுக்கலாம்.

பேட்டரியிலிருந்து வரும் சப்ளைக்கு 2 சதுர மி.மீ. வயரும் 15 ஆம்பியர் பியூஸும் போதும். பியூஸ் சப்ளை எடுக்கும் இடத்துக்கு ஒட்டியே இருக்கட்டும், ஸ்விட்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. வேலை தொடங்குமுன் பேட்டரி எர்த்தைக் கழற்றிவிடுங்கள்.

ஒரு விஷயத்தை நிறையப் பேர் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். டேஷ்போர்டில் இண்டிகேட்டருக்கு ஒரே ஒரு விளக்கு உள்ள சில வண்டிகளில், ஹசார்டைப் போட்டால் அது எரியாது. அந்தப் பல்பு இடது வயருக்கும் வலது வயருக்கும் நடுவே தொங்குகிறது, எதிர்ப்பக்கப் பல்புகள் வழியேதான் அதற்கு எர்த். இரு பக்கமும் ஒரே நேரத்தில் 12 வோல்ட் வந்தால் அது எப்படி எரியும்? ஆகவே ஸ்விட்சிலேயே விளக்கு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இப்படிப்பட்ட வண்டியில் எல்இடி பல்பு போட்டால், ஒரு பக்கம் இண்டிகேட்டர் போட்டாலும் நான்கும் சிமிட்டும். காரணம் அதே பல்பு.

எல்லாம் சரியாக மாட்டியும் ஒரு விளக்கு மட்டும் மங்கலா? ஃபிளாஷரைக் குறை சொல்லாதீர்கள். விளக்குக் கூடு பாடியோடு சேரும் இடத்தில் துருவும் பெயின்ட்டும் எர்த்தை மறிக்கின்றன. சுரண்டிவிட்டு, தனி எர்த் வயர் கொடுத்தால் தீரும்.

இனி வைப்பர். இதே விற்பனையாளர்கள் ஆர்மும் பிளேடும் சேர்த்து ஒரு கிட் விற்கிறார்கள். பிளேடு வாங்கலாம், ஆர்ம் பெரும்பாலும் வேண்டியதில்லை. வாங்குவதானால் பிளேடு செருகும் முனையின் அகலத்தை அளந்துவிடுங்கள். 5.2 மி.மீ.யும் 7.2 மி.மீ.யும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும், ஒன்றில் மற்றது உட்காராது.

பிளேடு கண்ணாடியின் நடுவில் நின்றால் ஆர்ம் கெட்டுவிட்டது என்று உடனே நினைக்க வேண்டாம், அது பதிந்த இடத்தை முதலில் பாருங்கள். ஸ்விட்சை அணைத்து, மோட்டார் தானே நிற்கும் இடத்தில் நிற்கவிட்டு, அதன்பின் ஆர்மைக் கழற்றிக் கீழ் விளிம்பை ஒட்டி, அது உட்காரும் தண்டின் பல்லில் மறுபடி பதியுங்கள். கண்ணாடியை நனைத்துவிட்டே ஓட்டிப் பாருங்கள். காய்ந்த கண்ணாடியில் வீச்சு குறைந்து தெரியும். ஒரு பல் மாற்றினால் அதிகம், மாற்றாவிட்டால் குறைவு என்ற நிலையில்தான் மோட்டாரைத் தொட வேண்டும். லூகாஸ் டிஆர்3ஏ மோட்டாரில் கியர் மூடியின் திருகுகளைத் தளர்த்தி, மேலே குமிழாக இருக்கும் பார்க்கிங் ஸ்விட்சை இம்மி இம்மியாகத் திருப்பிச் சரி செய்யலாம்.

போகும்போது வழுக்கி, வரும்போது மட்டும் தடதடவென்று அடித்தால் ஆர்ம் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிளேடு கண்ணாடிக்கு நேர்குத்தாக நிற்க வேண்டும், திரும்பும்போது ரப்பர் நாக்கு மறுபக்கம் புரள வேண்டும். புரளாத பக்கத்துக்கு எதிராக, ஆர்மை இரண்டு இடுக்கியால் பிடித்துத் துளி முறுக்குங்கள். புது பிளேடு போட்டும் இது தீராது.

வைப்பர் மந்தமாக ஓடுகிறதா? ஆர்ம்களைக் கழற்றி, ராக் கேபிளை (மோட்டாரின் அசைவை ஆர்முக்குக் கொண்டுபோகும் பல்வைத்த கேபிள்) மோட்டாரிலிருந்து விடுவித்து, ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பாருங்கள். 2.7 கிலோவுக்கு மேல் கேட்டால், குழாய்க்குள் பழைய கிரீஸ் மெழுகாகிக் கிடக்கிறது அல்லது குழாய் எங்கோ நசுங்கியிருக்கிறது. கேபிளை உருவித் துடைத்துப் புது கிரீஸ் தடவுங்கள். ஆர்ம் தண்டைத் திருப்பும் வீல்பாக்ஸ் கியரில் ஒரு பகுதிப் பற்கள் மட்டுமே தேயும். பாதிச் சுற்று திருப்பி மாட்டினால் தேயாத பற்கள் வேலைக்கு வரும், புதியது வாங்கும் செலவு மிச்சம்.

ஹசார்ட் கிட் மாட்டும் அன்றே இதையும் பார்த்துவிடுவது நல்லது. லூகாஸ் பியூஸ் பெட்டியில் இண்டிகேட்டரும் வைப்பரும் பெரும்பாலும் ஒரே பச்சை வயரில்தான் தொங்குகின்றன. இறுகிப்போன வைப்பர் இழுக்கும் கூடுதல் கரண்ட், மழையில் இண்டிகேட்டரையும் சேர்த்துத் தூங்கவைக்கும்.